நெட்டில் ஓடும் லேண்ட்லைன்: எண் அதேதான், கரண்ட் மட்டும் இனி நம் பொறுப்பு

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அத்தை வீட்டு லேண்ட்லைன் போன ஐப்பசி மழையில் ஓய்ந்துவிட்டது. முதலில் ரிசீவரை எடுத்தால் கர்ரென்று இரைச்சல் வந்தது. இரண்டு நாளில் அந்த இரைச்சலும் இல்லை. புகார் கொடுத்துப் பார்த்தோம். செம்புக் கம்பி லைனை இனிமேல் சரிசெய்வதில்லை, ஃபைபருக்கு மாறிக்கொள்ளுங்கள், எண் அதேதான் இருக்கும் என்றார்கள்.

அந்த எண்தான் அத்தைக்கு முக்கியம். 04367 என்ற மன்னார்குடி கோடுக்குப் பின்னால் ஆறு இலக்கம். மாமா இருந்தபோது வாங்கியது. சொந்தக்காரர்கள், நெல் வியாபாரி, கோயில் குருக்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம். மொபைலும் வீட்டில் இருக்கிறது, ஆனால் அது சார்ஜ் தீர்ந்து ஏதாவது தலையணைக்கு அடியில் கிடக்கும். கூடத்தில் மணி அடித்தால் கொல்லை வரைக்கும் கேட்கிற போன்தான் அத்தைக்குப் போன்.

நான் நெட்வொர்க் வேலையில் இருப்பவன். வீட்டில் இந்த மாதிரி விஷயம் எது வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஃபைபர் என்ற கண்ணாடி இழையில் நெட்டும் போனும் சேர்ந்தே வரும், அதையே போட்டுவிடலாம் என்று நான் சொன்னதும் அத்தை இரண்டு கேள்வி கேட்டார்.

"நெட்டுல போன் வரும்ங்கிற. அப்ப நெட்டு போச்சுன்னா போனும் போயிடுமாடா? கரண்ட் போனா?"

இந்த இரண்டுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் பழைய போன் எப்படி வேலை செய்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அன்றைக்கு அத்தைக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பழைய போனுக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது?

பழைய லேண்ட்லைன் போனைத் திருப்பிப் பாருங்கள். சுவரில் செருகுகிற பிளக் இருக்காது. மெல்லிய போன் வயர் மட்டும்தான். அந்த வயருக்குள் இரண்டு செம்புக் கம்பிகள். அவை வீட்டிலிருந்து கிளம்பி, தெருமுனைப் பெட்டி, கம்பம், மண்ணுக்கடியில் கேபிள் என்று போய்க் கடைசியில் எக்ஸ்சேஞ்சைத் தொடும். உங்கள் வீட்டுக்கென்றே ஒரு ஜோடிக் கம்பி. அடுத்த வீட்டுக்கு வேறு ஜோடி.

குரல் மட்டுமல்ல, போன் வேலை செய்வதற்கான மின்சாரமும் அதே கம்பியில்தான் வந்தது. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக அடுக்கி வைத்த பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட். மணி அடிக்கும் நேரத்தில் மட்டும் 75 வோல்ட்டுக்கு மேல் மாறுமின்சாரம் வரும். ஊரே இருட்டில் கிடந்தாலும் லேண்ட்லைனில் டயல் டோன் கேட்டதற்குக் காரணம் இதுதான். எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருந்தது, பேட்டரி இறங்கினால் ஜெனரேட்டர் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார்கள். நாம் அதை நினைத்துப் பார்க்கவே தேவையில்லாமல் இருந்தது.

இன்னொரு விஷயம், பாதை. நீங்கள் எண்ணைச் சுழற்றியதும் உங்கள் கம்பியை எதிராளியின் கம்பியோடு எக்ஸ்சேஞ்ச் இணைத்துவிடும். ரிசீவரை வைக்கும் வரை அந்தப் பாதை உங்கள் இருவருக்கு மட்டும்தான். நீங்கள் பேசினாலும் சரி, சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் சரி, வேறு யாரும் அதில் வர முடியாது. முறைப்பாசனத்தில் நம் முறை வரும்போது வாய்க்கால் முழுவதையும் நம் வயலுக்கே திருப்பிவிடுவதைப் போல. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் வந்த பிறகும் இந்த ஒதுக்கீட்டு முறை மாறவில்லை.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் ஊருக்கு அதில் ஒரு கஷ்டம் இருந்தது. டெல்டா மண் வருடத்தில் பாதி நாள் ஈரம். மண்ணுக்குள் போகும் கேபிளில் எங்கேயோ ஒரு இணைப்பில் தண்ணீர் இறங்கினால் செம்பில் களிம்பு ஏறும், இரைச்சல் வரும், பக்கத்து வீட்டுப் பேச்சு நம் போனில் கேட்கும். அந்த இணைப்பைத் தேடிக் கண்டுபிடித்து ஜோடி ஜோடியாக முறுக்கிச் சரிசெய்வது பெரிய வேலை. அந்த வேலை தெரிந்த லைன்மேன்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

குரலை மூட்டை பிடிப்பது

நெட் போனில் ஒதுக்கி வைத்த வாய்க்கால் கிடையாது. குரலைச் சின்னச் சின்ன மூட்டைகளாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் போய்ச்சேர வேண்டிய முகவரியை எழுதி, எல்லாருடைய மூட்டையும் போகிற பொதுவழியில் அனுப்பிவிடுவார்கள். களத்தில் குவிந்த நெல்லை மூட்டை பிடித்து லாரியில் ஏற்றுகிற மாதிரிதான்.

கணக்கைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். தொலைபேசிக்கு மனிதக் குரலில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான பகுதி போதும் என்று வெகுகாலத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தார்கள். அதை ஒரு வினாடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் (0, 1 என்ற எட்டுக் குறிகளில்) எழுதினால் வினாடிக்கு 64,000 பிட், அதாவது 8,000 பைட். இதுதான் டிஜிட்டல் தொலைபேசியின் அடிப்படை அளவு. நெட் போனில் இதை 20 மில்லிசெகண்டுக்கு ஒரு மூட்டையாகக் கட்டுவது வழக்கம். அப்படியானால் வினாடிக்கு 50 மூட்டை. ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், அதன்மேல் முகவரி, வரிசை எண் எல்லாம் சேர்த்து 40 பைட். நீங்கள் "அத்தை" என்று கூப்பிட்டு முடிக்க அரை வினாடி ஆகிறது என்றால், அந்த ஒரு சொல் 25 மூட்டைகளாகப் போய்ச் சேருகிறது.

இந்த மூட்டைகள் எல்லாம் ஒரே வழியில் போக வேண்டும் என்பதில்லை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் தண்ணீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். நெட்டிலும் ஒவ்வொரு சந்திப்பிலும் எந்தப் பக்கம் அனுப்பலாம் என்று முடிவு செய்ய ஒரு கருவி உட்கார்ந்திருக்கும். முன்னே போன மூட்டை பின்னால் வரலாம். ஒன்றிரண்டு வழியிலேயே தொலையலாம். அதனால்தான் வரிசை எண். போய்ச்சேரும் இடத்தில் இருக்கும் கருவி, வந்த மூட்டைகளைக் கண் இமைக்கும் நேரம் தேக்கி வைத்து, வரிசைப்படுத்தி, அவிழ்த்துக் குரலாக்கிக் காதில் விடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு போட்டோவை அனுப்பும்போது நடுவில் ஒரு மூட்டை தொலைந்தால் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், நேரம் இருக்கிறது. பேச்சில் அது முடியாது. கால் வினாடிக்கு முன்னால் சொன்ன எழுத்து இப்போது வந்து என்ன பயன்? ஆகவே தாமதமாக வந்த மூட்டையைக் கருவி தூக்கிப் போட்டுவிடும். லைன் மோசமாக இருக்கும்போது "நான் நா... க்கு வர்றேன்" என்று நடுவில் எழுத்து விழுங்கப்படுவது இதனால்தான். ஒருவர் பேசியது மற்றவருக்கு 150 மில்லிசெகண்டுக்குள் போய்ச் சேர்ந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேச அளவில் ஏற்றுக்கொண்ட கணக்கு. அதற்கு மேல் ரொம்பப் போனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க" "இல்ல நீங்க சொல்லுங்க" என்று ஆகிவிடும்.

அப்புறம் டேட்டா எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். மேலே சொன்ன கணக்கில் வினாடிக்கு ஒரு பக்கம் 10,000 பைட். இரண்டு பக்கமும் சேர்த்தால் நிமிடத்துக்கு 1.2 எம்பி, ஒரு மணி நேரம் பேசினால் 72 எம்பி. ஃபைபர் இணைப்பில் இது ஒரு பொருட்டே இல்லை. குரலை இன்னும் சுருக்கிக் கட்டும் முறைகளும் இருக்கின்றன, அவற்றில் இதைவிடக் குறைவு. நெட் போனுக்கு வேண்டியது வேகம் அல்ல, சீராக வந்துகொண்டே இருக்கும் லைன். 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் குரல் உடைகிறது என்றால் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை, மூட்டைகள் எங்கே சிந்துகின்றன என்று பார்க்க வேண்டும்.

சரி, மூட்டை யாருக்குப் போக வேண்டும் என்பது எப்படித் தெரியும்? உங்கள் வீட்டுப் பெட்டி நெட்டோடு இணைந்ததும் நிறுவனத்தின் சர்வருக்கு "இந்த எண் இப்போது இங்கே இருக்கிறது" என்று தகவல் கொடுக்கும். குறித்த இடைவெளியில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். யாராவது அந்த எண்ணை அழைத்தால் சர்வர் அந்த முகவரியைப் பார்த்து மணியடிக்கச் சொல்லும். இந்த விசாரிப்பு, மணியடிப்பு, எடுத்தல், வைத்தல் எல்லாவற்றுக்கும் பொதுவான மொழி ஒன்று உண்டு. அதற்குப் பெயர் எஸ்ஐபி. இன்று புழக்கத்தில் இருக்கும் வடிவம் 2002-இல் வந்தது. நெட் போன் எதையாவது அமைக்கும்போது எஸ்ஐபி யூசர், எஸ்ஐபி பாஸ்வேர்ட் என்று கேட்டால் மிரள வேண்டாம், உங்கள் எண்ணுக்கு உரியவர் நீங்கள்தான் என்று சர்வரிடம் நிரூபிக்கும் சாவி அது.

இதெல்லாம் புதிது என்று தோன்றலாம். ஆனால் 4ஜி மொபைலில் வோல்ட்டி என்று மேலே ஒரு அடையாளம் தெரிகிறதே, அதுவும் குரலை மூட்டை கட்டி அனுப்பும் முறைதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது அந்த நெட்வொர்க்கில் எல்லா அழைப்பும் அப்படித்தான் போயின. டெல்டாவில் மொபைல் வைத்திருக்கும் பெரும்பாலானவர்கள் நெட் போனில்தான் பல வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எந்த வகை யாருக்கு?

வீட்டுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஃபைபர் இணைப்போடு வரும் போன். பாரத் ஃபைபர், ஜியோ ஃபைபர், ஏர்டெல் என்று எதுவானாலும், சுவரில் மாட்டும் பெட்டியின் பின்னால் பழைய போன் வயர் செருகுகிற சின்னத் துவாரம் இருக்கும். டெல், போன், போட்ஸ் என்று ஏதாவது ஒன்று அதன்மேல் எழுதியிருக்கும். உங்கள் பழைய போனை அதில் செருகினால் போதும். குரலை மூட்டை கட்டும் வேலையைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். போனுக்குத் தான் நெட்டில் பேசுவது தெரியவே தெரியாது. இதில் இன்னொரு நன்மை, நிறுவனம் இந்தக் குரலுக்குத் தனித் தடமும் முன்னுரிமையும் கொடுத்துவிடும். பேரப்பிள்ளைகள் நாலு பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தாலும் அத்தையின் பேச்சு உடையாது.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்பவர்களுக்கு: வாட்ஸ்அப்பில் வாட்ஸ்அப் வைத்திருப்பவரோடு மட்டும்தான் பேசலாம். தாலுகா ஆபீஸ் லேண்ட்லைனையோ 108-ஐயோ அதில் அழைக்க முடியாது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் கேட்டால் வேறொரு அனுபவமும் சொல்வார்கள். துபாயில் இருக்கும் பிள்ளையோடு வாட்ஸ்அப்பில் எழுதிக்கொள்ளலாம், பேச முடியாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் பெறாத நெட் அழைப்புகளுக்குப் பல ஆண்டுகளாகத் தடை. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் மாதிரியான ஆப்பில்தான் குடும்பங்கள் பேசிக்கொள்கின்றன. வாட்ஸ்அப் நல்ல துணை, ஆனால் லேண்ட்லைனுக்கு மாற்று அல்ல.

கடை, அரிசி மில், திருமண மண்டபம், பைனான்ஸ் ஆபீஸ் போன்ற இடங்களுக்கு எஸ்ஐபி லைன் எடுத்து, நெட் வயரை நேராகச் செருகும் ஐபி போன்கள் வைப்பது பொருத்தம். ஒரே எண்ணில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசலாம், கும்பகோணம் கடையையும் தஞ்சாவூர் கிளையையும் இன்டர்காம் மாதிரி இணைக்கலாம். ஃபைபர் பெட்டியில் போன் துவாரம் இல்லாமல், பழைய போனையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் நடுவில் ஏடிஏ என்ற சின்ன அடாப்டரைப் போடலாம். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: ஆபீஸ் போன் சிஸ்டத்துக்கு 1234 என்று பாஸ்வேர்ட் வைத்துவிடாதீர்கள். உள்ளே நுழைந்தவர்கள் ராத்திரி முழுக்க வெளிநாட்டுக்குப் பேசித் தள்ளிவிட்டு, பில்லை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.

சட்டத்தையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் நெட் வழிப் பேச்சு 2002 ஏப்ரல் 1 முதல் கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கப்பட்டது. கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேசலாம், உள்நாட்டு லேண்ட்லைனுக்கோ மொபைலுக்கோ பேச முடியாது என்பது அன்றைய விதி. ஸ்கைப் 2014 நவம்பரில் இந்தியாவுக்குள் போன் எண்களை அழைக்கும் வசதியை நிறுத்தியது. 2018-இல்தான் உரிமம் பெற்ற நிறுவனங்கள் எந்த நெட் இணைப்பின் மேலும் போன் சேவை தரலாம் என்று தெளிவு பிறந்தது. அந்த ஜூலையில் பிஎஸ்என்எல் செல்போன் ஆப் வழியாகப் பேசும் தன் விங்ஸ் சேவையை வருடத்துக்கு 1,099 ரூபாய் என்று அறிவித்தது. ஆகவே எடுப்பது எந்த வகையானாலும் உரிமம் உள்ள நிறுவனத்திடம் எடுங்கள். மலிவாகத் தருகிறேன் என்று யாரோ கொண்டுவரும் பெட்டியை வீட்டில் வைக்க இடம் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் அழைப்பாக மாற்றும் கள்ள எக்ஸ்சேஞ்சுகள் அப்படித்தான் நடக்கின்றன. போலீஸ் முதலில் வந்து நிற்பது பெட்டி இருக்கும் வீட்டில்.

அத்தை வீட்டில் மாற்றிய அன்று

ஃபைபர் போட வந்த பையன் கெட்டிக்காரன். வாசல் மேல் சட்டத்தில் ஒரு துளை போட்டு, முடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழையைக் கூடத்துக்குள் கொண்டுவந்து பெட்டியில் சேர்த்தான். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. போனைச் செருகியதும் டயல் டோன் வந்தது. அத்தை ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார்.

"அதே சத்தம்தாண்டா. இரைச்சலே இல்ல."

ஆனால் எண்ணை அழுத்தினால் போகவில்லை. டயல் டோன் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை அணைத்துப் போட்டோம், வயரை மாற்றினோம், அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் போனைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு மூலையில் அழுக்கு மூடிய சின்ன ஸ்விட்ச். ஒரு பக்கம் டோன், ஒரு பக்கம் பல்ஸ். அது பல்ஸ் பக்கம் இருந்தது. பழைய எக்ஸ்சேஞ்ச் காலத்தில் எண்ணைக் கட்டக் கட்ட என்று துடிப்பாக அனுப்புவார்கள், அந்த முறைக்கான நிலை அது. ஃபைபர் பெட்டிகள் பலவற்றுக்கு அந்தப் பாஷை புரியாது. குச்சியால் ஸ்விட்சை டோன் பக்கம் தள்ளியதும் போன் வேலை செய்தது. விரல் விட்டுச் சுழற்றும் பழைய கறுப்புப் போன் வைத்திருப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். அழைப்பு வரும், பேசலாம், வெளியே அழைக்க முடியாமல் போகலாம்.

அடுத்தது சமையலறைச் சுவரில் இருந்த இரண்டாவது போன். வீட்டுக்குள் ஏற்கெனவே ஓடிய பழைய வயரையே பெட்டியின் போன் துவாரத்தோடு இணைத்தால் அதுவும் வேலை செய்யும். ஆனால் அதற்கு முன்னால் வெளியிலிருந்து வரும் செம்புக் கம்பியை வீட்டு வயரிலிருந்து கழற்றிவிட வேண்டும். இது கட்டாயம். செத்துப்போன லைன் என்று நாம் நினைக்கும் கம்பியில் எக்ஸ்சேஞ்ச் மின்சாரம் இன்னும் இருக்கலாம், மின்னலின் அதிர்ச்சியும் அதன் வழியே உள்ளே வரலாம். அது பெட்டியின் போன் துவாரத்துக்குள் ஏறினால் பெட்டி போய்விடும். நாங்கள் வாசலில் இருந்த இணைப்பில் இரண்டு கம்பியையும் கழற்றி, நுனியில் டேப் சுற்றிவிட்ட பிறகுதான் வீட்டு வயரைத் தொட்டோம்.

லேண்ட்லைனிலிருந்து மொபைலை அழைக்கும்போது முன்னால் 0 சேர்க்க வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் நாடு முழுக்க இருக்கும் நடைமுறை இது, நெட் லேண்ட்லைனுக்கும் சேர்த்துத்தான். புதுப் போன் சரியில்லை என்று புகார் சொல்பவர்களில் பாதிப்பேர் இந்த 0-வை மறந்தவர்கள் என்பது என் அனுபவம்.

எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மொபைலில் நிறுவனம் மாறினாலும் எண்ணைக் கையோடு கொண்டுபோகலாம். லேண்ட்லைனுக்கு அந்த வசதி கிடையாது. அதே நிறுவனத்துக்குள் செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறும்போது பழைய எண்ணைத் தக்கவைத்துக்கொள்ள முடிகிறது, வேறு நிறுவனத்துக்குப் போனால் எண் போய்விடும். எண் முக்கியம் என்றால் பழைய இணைப்பை முதலில் சரண்டர் செய்துவிட்டுப் புதியதைத் தேடாதீர்கள். விண்ணப்பத்திலேயே இன்ன எண் வேண்டும் என்று எழுதிக்கொடுங்கள்.

கரண்ட் போனால்

அத்தையின் இரண்டாவது கேள்விக்கு இப்போது வருகிறேன். எல்லாவற்றையும் விட இதைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

கண்ணாடி இழையில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த 48 வோல்ட் இனி உங்கள் வீட்டுக்கு வராது. போனுக்கான மின்சாரத்தையும் மணியடிக்கும் மின்சாரத்தையும் இப்போது உங்கள் வீட்டுச் சுவரில் செருகியிருக்கும் பெட்டிதான் கொடுக்கிறது. கரண்ட் போனால் பெட்டி அணையும். பெட்டி அணைந்தால் போனும் செத்துப்போகும்.

இது டெல்டாவில் சின்ன விஷயம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் புயலை எதிர்பார்த்துத்தான் இருக்கிறோம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்த பிறகு வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. போன் மிகவும் தேவைப்படும் நாளும் கரண்ட் போகும் நாளும் நம் ஊரில் ஒன்றாகத்தான் வரும்.

தினசரி பவர் கட்டுக்கு வழி எளிது. ஃபைபர் பெட்டி பத்துப் பதினைந்து வாட்டுக்கு மேல் பெரும்பாலும் கேட்காது. பழைய சீலிங் ஃபேன் ஒன்று 70, 75 வாட் இழுக்கும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டி செருகியிருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில்தான் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். அத்தை வீட்டில் அது வரவில்லை. ஃபேனும் லைட்டும் எரிய, பெட்டி மட்டும் அணைந்துபோனது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு வயரை மாற்றிப் போட்டோம். மெயினை அணைத்துவிட்டுப் போனை எடுத்து டயல் டோன் கேட்கிறதா என்று பார்ப்பதுதான் இதற்குச் சோதனை.

இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டர் யுபிஎஸ் என்று கேட்டு வாங்கலாம். உள்ளங்கை அளவுப் பேட்டரிப் பெட்டி, சில மணி நேரம் தாங்கும். வாங்கும் முன் உங்கள் அடாப்டரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும், 9 வோல்ட், 5 வோல்ட் பெட்டிகளும் உண்டு. வோல்ட் மாறினால் பெட்டி ஓடாது, கூடினால் கருகியும் போகலாம். இந்தக் குட்டி யுபிஎஸ்ஸால் எனக்குப் பிடித்த இன்னொரு பயன் உண்டு. இடி மின்னல் ராத்திரியில் சுவர்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, யுபிஎஸ் பேட்டரியிலேயே போனை ஓட்டலாம். கண்ணாடி இழை வழியாக மின்னல் வராது, சுவர் வழியும் அடைபட்டுவிடுகிறது. செம்புக் கம்பி காலத்தில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

நம் வீட்டைத் தாண்டி என்ன நடக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். ஃபைபரில் ஒரு அருமையான விஷயம், தெருவில் இழை பல வீடுகளுக்குப் பிரியும் இடத்தில் மின்சாரமே தேவையில்லை. ஒளியைப் பிரிக்கும் கண்ணாடித் துண்டு மட்டும்தான் அங்கே இருக்கும். அதற்கு அப்பால், சாதாரணமாக 20 கிலோமீட்டருக்குள், ஓஎல்டி என்ற தலைமைக் கருவி இருக்கும். அது ஓடினால்தான் உங்கள் பெட்டி பேசும். அது எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் இருக்கிறதா, கேபிள்காரர் கடையின் மாடியில் இருக்கிறதா? கரண்ட் போனால் அதற்கு எத்தனை மணி நேரம் பேட்டரி? ஜெனரேட்டர் உண்டா? இணைப்பு எடுக்கும் முன் பிளான் விலை கேட்பதோடு இந்த மூன்றையும் கேளுங்கள். ஒரே தெருவில் இரண்டு பேர் இணைப்புத் தருகிறார்கள் என்றால் இந்தப் பதிலை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

பெரும்புயலுக்கு இதுவும் போதாது. கம்பம் சாய்ந்தால் அதில் கட்டிய ஃபைபரும் அறும். அதனால் பட்டன் மொபைல் ஒன்றை வேறு நிறுவனத்து சிம்மோடு, முழு சார்ஜில், அணைத்து வைத்திருங்கள். நெட் போன் வந்தபின் மொபைலும், மொபைல் இருப்பதால் நெட் போனும் தேவையில்லை என்று ஆகாது. இரண்டும் வேண்டும்.

நெட் போய்விட்டால்

முதல் கேள்விக்குப் பதில் நேரடியானது: ஆமாம், போகும். ஆனால் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் பாதிச் சிக்கலை நாமே சரிசெய்யலாம்.

பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். எங்கோ இழை அறுந்திருக்கிறது. நம் பக்கம் தை, மாசியில் இது அடிக்கடி நடக்கும். அறுவடை முடிந்து வைக்கோல் கட்டு ஏற்றிய லாரிகள் தலைக்கு மேல் கோபுரம் மாதிரி அடுக்கிக்கொண்டு வரும். தெருவின் குறுக்கே தாழ்வாகத் தொங்கும் கேபிளை அது இழுத்துக்கொண்டு போய்விடும். பெட்டியை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் இதற்குப் பயனில்லை, ஆள் வந்துதான் ஒட்ட வேண்டும். அத்தை வீட்டுக்கு எதிர்ப்புறக் கம்பத்தில் கேபிளை இரண்டு அடி உயர்த்திக் கட்டச் சொன்னோம், அதற்குப் பிறகு அறவில்லை.

எல்ஓஎஸ் எரியவில்லை, ஆனால் போன் விளக்கு மட்டும் அணைந்திருக்கிறது என்றால் பெட்டி சர்வரிடம் தன்னைப் பதிவு செய்யவில்லை. பெட்டியை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நெட் போன் எண்ணைச் செல்போனில் ஆப் வழியாக வைத்திருப்பவர்களும் உண்டு. அப்படிப் பேசும்போது குரல் உடைந்தால் முதலில் வைஃபையைச் சந்தேகப்படுங்கள். டெல்டாவின் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும். கூடத்துப் பெட்டியின் வைஃபை இரண்டு சுவரைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் சோர்ந்துவிடும். முற்றத்தில் நின்று பேசிப் பாருங்கள், தெளிவாக இருந்தால் குற்றம் சுவரின்மேல்தான். வயரில் செருகிய போனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வயசானவர்களுக்கு வயர் போனே நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒருவருக்குக் கேட்கிறது, மற்றவருக்குக் கேட்கவில்லை என்பது எஸ்ஐபி ஆப், ஏடிஏ வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை. போகும் மூட்டைக்கு வழி திறந்திருக்கிறது, திரும்பும் மூட்டையை ரவுட்டர் வாசலில் தடுக்கிறது என்று பொருள். ரவுட்டர் அமைப்பில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒன்று இருக்கும். அதை அணைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

நெட் போனில் அவசர எண்களை அழைத்தால் முதல் வாக்கியமே இடமாக இருக்கட்டும். ஊர், தெரு, பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது பாலம். முக்கியமாக ஆப் வழியாக வேறு ஊரிலிருந்து பேசும்போது, உங்கள் எண் மன்னார்குடி என்று காட்டும், நீங்கள் திருச்சியில் நிற்பீர்கள்.

அத்தை வீட்டில் போனுக்கு மேலே காலண்டருக்குப் பக்கத்தில் இப்போது ஒரு அட்டை தொங்குகிறது. கேபிள்காரர் எண், எலக்ட்ரீஷியன் எண், என் எண், எல்லாவற்றுக்கும் முன்னால் 0. அடியில் அத்தையே நீல மையில் எழுதியிருக்கிறார்: "சிவப்பு எரிஞ்சா கேபிள். ஒண்ணும் எரியலன்னா கரண்ட்."